எதுக்களிப்பால் புண்பட்ட உணவுக்குழாய்க்கு மூலிகை: எது காக்கும், எது கெடுக்கும்

ஒரு வாசகருக்கு நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோபி செய்ததில் "கிரேடு ஏ" உணவுக்குழாய் அழற்சி என்று வந்திருக்கிறது. பான்டோபிரசோல் என்ற மாத்திரை எடுத்து வருகிறார். உணவுக்குழாயைக் காக்கும் மூலிகை உண்டா, மாத்திரையை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா என்பது அவர் கேள்வி. உண்டு. ஆனால் அது செய்யும் வேலை வேறு, மாத்திரை செய்யும் வேலை வேறு. மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. நல்ல மூலிகை, புண்பட்ட சுவரின் மேல் பூச்சாகப் படிந்து அமிலம் நேராகப் படாமல் தடுக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஏமாற்றம்தான். இரண்டையும் சேர்த்துச் சரியான நேரத்தில் எடுத்தால் பலன் தெரியும். எப்படி எடுப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்; அதனால் அதையே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாயின் நிலைமை. இரைப்பையின் உட்சுவருக்குக் கெட்டியான சளிப்படலமும் அதனுள் பைகார்பனேட்டும் காவலாக இருக்கின்றன. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. கீழ்முனையில் இருக்கும் வால்வுத் தசை, மேலிருந்து இறங்கும் உமிழ்நீர், குழாயின் கீழ்நோக்கிய அசைவு, செல்கள் நெருக்கமாகப் பிணைந்த உட்சுவர் ஆகியவைதான் அதற்குத் துணை. வால்வு தளர்ந்து அமிலம் மேலேறும்போது அது தனியாக வருவதில்லை. புரதத்தைச் செரிக்கும் பெப்சினும், சிலருக்குப் பித்தநீரும் கூட வரும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4-க்குக் கீழே போனால் பெப்சின் சுறுசுறுப்பாகி உட்சுவரையே கடிக்கத் தொடங்கும். அமிலம் சுட்டுத்தான் புண் வருகிறது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 2016-ல் அமெரிக்காவில் 12 நோயாளிகளிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு வாராவாரம் திசுவைப் பார்த்தபோது, மேற்பரப்பு அரிபடும் முன்பே உள்ளடுக்கில் அழற்சிச் செல்கள் கூடியிருந்தன. மேலேறும் நீர் உள்ளே அழற்சியைத் தூண்டிவிடுகிறது, அந்த அழற்சி சுவரைக் கெடுக்கிறது என்பது இப்போதைய புரிதல். பூச்சு ஏன் உதவும், பூச்சு மட்டும் ஏன் போதாது என்ற இரண்டுக்கும் விடை இதில் இருக்கிறது.

கிரேடு ஏ என்றால் அரிபட்ட கீறல் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். பி என்றால் அதைவிட நீளம். சி-யில் கீறல்கள் மடிப்புக்கு மடிப்பு ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். டி-யில் குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ போயிருக்கும். கீழே சொல்வதெல்லாம் ஏ, பி நிலைக்காரர்களுக்கும், எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாமல் எரிச்சல் மட்டும் உள்ளவர்களுக்கும்தான். சி, டி என்றால் மூலிகையைப் பற்றி யோசிக்க வேண்டிய வேளை அதுவல்ல. மாத்திரையை முழுமையாக எடுத்துப் புண் ஆறியதா என்று திரும்பவும் பார்த்தாக வேண்டும். பாரெட் உணவுக்குழாய், அதாவது நெடுநாள் எதுக்களிப்பால் உட்சுவரின் திசுவே மாறிவிட்ட நிலை, என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அந்தத் திசு மாற்றத்தைத் திருப்பும் என்று நிரூபிக்கப்பட்ட மூலிகை ஒன்றுகூட இல்லை. விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்த மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை இவற்றில் எது இருந்தாலும் கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. நடந்தால் நெஞ்சு அடைத்து, நின்றால் விடும் எரிச்சலை இதயம் சார்ந்ததாகவே முதலில் கருத வேண்டும்.

தாவர வழியில் வந்தவற்றுள் சான்று மிக உறுதியாக உள்ளது ஆல்ஜினேட். இது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பிசின். மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் பக்கம் கிடைக்கும் சர்காசம், டர்பினேரியா பாசிகளிலும் இருப்பது இதுவே. மருந்துக் கடையில் கேவிஸ்கான் போன்ற திரவங்களாகக் கிடைக்கிறது. அமிலத்தோடு சேர்ந்ததும் இது கூழாக இறுகும். கூடவே உள்ள சோடியம் பைகார்பனேட் விடும் குமிழ்கள் அந்தக் கூழைத் தூக்கிப் பாலின் மேல் ஆடை போல மிதக்க வைக்கும். சாப்பிட்ட பின் உணவின் மேல், வால்வுக்குச் சற்றுக் கீழே, உணவோடு கலக்காத அமிலம் ஒரு குட்டையாகத் தேங்குகிறது என்பதை கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2001-ல் காட்டினார்கள். சாப்பிட்டதும் வரும் எரிச்சலுக்கு அந்தக் குட்டைதான் ஊற்று. ஆல்ஜினேட் ஆடை அதன் மேலேயே போய் உட்காருகிறது. இன்னொரு வேலையும் அது செய்கிறது: லண்டனில் மனித உணவுக்குழாய்த் திசுத் துணுக்குகளில் ஆல்ஜினேட்டைப் பூசி அமிலமும் பித்த உப்பும் ஊற்றிப் பார்த்த 2015 ஆய்வில், திசுவின் தடுப்புத்திறன் குறைவது மட்டுப்பட்டது, ஒரு மணி நேரம் வரைகூடப் பலன் நின்றது. அளவு, பெரியவர்களுக்கு 10 முதல் 20 மி.லி., சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும். இதில் சோடியம் இருப்பதால் இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்தாகத் தோன்றவில்லை என்பதற்காக இதை ஒதுக்க வேண்டாம். "மூலிகை" என்று கேட்பவருக்கு முதலில் இதையே சொல்வேன்.

அடுத்தது அதிமதுரம். வயிறு எரியும் நோயான எரிகுன்மத்துக்குச் சித்த மருத்துவத்தில் இதற்கு உள்ள இடம் தெரிந்ததுதான். நவீன மருத்துவமும் இதை ஒரு காலத்தில் கையில் எடுத்தது. 1940-களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் அதிமதுரச் சாறு இரைப்பைப் புண்ணை ஆற்றுவதைக் கவனித்தார். கூடவே சிலருக்கு முகமும் காலும் வீங்குவதையும் கண்டார். 1960-களில் பிரிட்டனில் அதன் வேதிப்பொருளிலிருந்து கார்பெனாக்சலோன் என்ற மருந்தே வந்தது. அதை ஆல்ஜினேட்டோடு சேர்த்து உணவுக்குழாய் அழற்சிக்கே கொடுத்தார்கள். சளிப்படலத்தைக் கெட்டியாக்குவதும் செல்களின் ஆயுளை நீட்டுவதும் அதன் வழி. ரத்த அழுத்தம் ஏறியதும் பொட்டாசியம் இறங்கியதும் அதற்குத் தடையாயின. அமிலத்தைக் குறைக்கும் புதிய மாத்திரைகள் வந்ததும் அது ஒதுங்கியது.

இந்தக் கெடுதல்களுக்குக் காரணம் அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற இனிப்புச் சத்து. உடலில் கார்டிசோலை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அது முடக்குகிறது. அப்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. ஐரோப்பிய அறிவியல் குழு சொன்ன உச்சவரம்பு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசின். தரமான வேரில் அது 4 சதவீதம் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 2.5 கிராம் பொடியிலேயே அந்த வரம்பு வந்துவிடும். தேக்கரண்டியைத் தலைதட்டி எடுத்தால் பொடியின் நயத்தைப் பொறுத்து 2 முதல் 3 கிராம் நிற்கும். குவித்து எடுத்து நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறவர் வரம்பைப் போல மூன்று நான்கு மடங்கு எடுக்கிறார். ஆகவே அரைத் தேக்கரண்டி தலைதட்டி, அதாவது சுமார் 1 கிராம், நாளைக்கு இரண்டு வேளை, நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், டிஜாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கிளைசிரைசின் நீக்கிய அதிமதுர மாத்திரை இணையத்தில் கிடைக்கிறது. இந்தக் கெடுதல் அதில் பெருமளவு இல்லை. நீண்ட நாள் வேண்டுமென்றால் அதுவே சரி. அதை மென்று உமிழ்நீரோடு கலந்து விழுங்க வேண்டும்.

வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். வேராக வாங்கி வீட்டில் இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். வெளித்தோல் பழுப்பாகவும் உடைத்தால் உள்ளே மஞ்சளாக நார் நாராகவும் இருக்க வேண்டும். நாக்கில் வைத்தால் இனிப்பு அழுத்தமாக நெடுநேரம் நிற்க வேண்டும். அதிமதுரத்துக்குப் பதில் குன்றிமணி வேரைக் கலப்பது பழைய வழக்கம். பொடியாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது.

சேர்க்கும் முறை: 1 கிராம் பொடியை இரண்டு மூன்று தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் குழைத்து, சற்றே ஓடும் கூழாக்கி, நக்கி நக்கி விழுங்க வேண்டும். நெய்யிலோ பாலிலோ கலப்பதே நம் வழக்கம். எதுக்களிப்பு உள்ளவருக்கு நெய்யைத் தவிர்க்கச் சொல்வேன், கொழுப்பு வால்வைத் தளர்த்தும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பாலும் குடித்தவுடன் குளிர்ச்சியாக இருக்கும். அதிலுள்ள புரதமும் கால்சியமும் பின்னால் அமிலச் சுரப்பைத் தூண்டும்.

மூன்றாவது வகை, பசைத்தன்மை உள்ள விதைகளும் பிசின்களும். மேல்நாட்டில் ஸ்லிப்பரி எல்ம் மரப்பட்டை, மார்ஷ்மெல்லோ வேர் என்று விற்பதும் இந்தப் பசைக்காகத்தான். அவற்றை விலை கொடுத்து வரவழைக்கத் தேவையில்லை. ஆளி விதையும் வெந்தயமும் இசப்கோலும் இங்கேயே இருக்கின்றன. பூச்சுக்கு ஆளி விதைதான் என் தேர்வு. முழு ஆளி விதை 10 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி, 200 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டுச் சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் கூழாகி வடிகட்டியில் இறங்காது. விதையை அரைத்துவிட்டால் எண்ணெய் வெளிவந்து கசக்கும், பசையும் தெளிவாக வராது. முட்டையின் வெள்ளைக்கரு பதத்தில் இருந்தால் சரி. அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாளைக்கு மேல் வேண்டாம். ஒரு வேளைக்கு 40 முதல் 50 மி.லி. போதும். மேலே சொன்ன 1 கிராம் அதிமதுரப் பொடியைத் தண்ணீருக்குப் பதில் இதிலேயே குழைத்தால் இரண்டும் ஒன்றாகச் சுவரில் படியும்.

வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் முழுதாக விழுங்குவது பரவலான பழக்கம். மலச்சிக்கலுக்கும் சர்க்கரைக்கும் அதில் பலன் இருக்கலாம், உணவுக்குழாய்க்கு ஒன்றுமில்லை. பசை விதைக்குள்ளேயே இருந்துவிடுகிறது, எரிச்சல் வரும் நேரமும் அதுவல்ல. 2011-ல் அமெரிக்காவில் நடந்த சிறு ஆய்வு ஒன்றில் வெந்தய நார்ப்பொருளைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுத்தபோது நெஞ்செரிச்சல் குறைந்தது. அங்கே கொடுத்தது பிரித்தெடுத்த நார். வீட்டில் அதற்கு நெருக்கமாக வர வேண்டுமானால் அரைத் தேக்கரண்டி வெந்தயப் பொடியைக் கால் டம்ளர் நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, கூழான பின் குடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் சர்க்கரை இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். இசப்கோல் பூச்சாக நிற்பதைவிட வேறு வழியில் உதவுகிறது. நார்ச்சத்து குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு நாளைக்கு மூன்று முறை 5 கிராம் வீதம் பத்து நாள் கொடுத்த ரஷ்ய ஆய்வில் எதுக்களிப்பின் எண்ணிக்கையே குறைந்தது. முக்கி மலம் கழிப்பது வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டும். மலச்சிக்கல் உள்ளவருக்கு இது இரட்டைப் பயன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சப்ஜா, இசப்கோல், சியா விதை, பாதாம் பிசின் எதையும் உலர்ந்த நிலையில் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள். அவை குழாய்க்குள்ளேயே ஊதி அடைத்துக்கொள்ளும். சியா விதையை உலர விழுங்கித் தண்ணீர் குடித்தவரின் உணவுக்குழாய் அடைபட்டு, எண்டோஸ்கோபி மூலம் எடுக்க வேண்டிவந்த சம்பவம் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. எதுக்களிப்பால் குழாய் சுருங்கியவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாதாம் பிசின் முழுதும் பூரிக்க ஓர் இரவு தேவை.

சோற்றுக்கற்றாழைக்கும் ஆய்வு இருக்கிறது. ஈரானில் 79 பேரிடம் 2015-ல் வெளிவந்த சோதனையில், நாளைக்கு 10 மி.லி. கற்றாழைச் சாறு நான்கு வாரத்தில் எரிச்சலையும் எதுக்களிப்பையும் குறைத்தது; அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், ரானிடிடின் மாத்திரைகளை எடுத்த பிரிவுகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். சிறிய ஆய்வு, அறிகுறிகளை வைத்தே அளந்தது. புண் ஆறியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டு மடலைப் பயன்படுத்துவதானால் வெட்டியதும் அடிப்பக்கம் கீழாக நிறுத்தி மஞ்சள் பால் முழுக்க வடியவிட வேண்டும். தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைக் கசப்பு போகும்வரை ஏழெட்டு முறை கழுவ வேண்டும். அந்த மஞ்சள் பாலில் உள்ள அலோயின் பேதிக்குக் கொண்டுபோகும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அதிமதுரத்தோடு சேர்த்துக் கழுவாத கற்றாழை எடுத்தால் பொட்டாசியம் இரு பக்கமும் குறையும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

நெல்லிக்காயைப் பலரும் கேட்கிறார்கள். ஈரானில் 2018-ல் வெளியான சோதனையில் நெல்லிக்காய் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு வாரம் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் உணவுக்குழாயில் கீறல் இல்லாதவர்கள். கொடுத்ததும் உலர்ந்த மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் நெல்லிச்சாறு குடிப்பது வேறு சங்கதி. அந்தச் சாறே புளிப்பு அமிலம். கீறலில் ஒட்டிக்கிடக்கும் பெப்சினை அது மீண்டும் எழுப்பிவிடும். எலுமிச்சை வெந்நீரும் ஆப்பிள் சிடர் வினிகரும் இதே கணக்குதான். கீறல் உள்ளவருக்கு இவற்றை உறுதியாக வேண்டாம் என்பேன்.

வயிற்றுக்கு நல்லது என்று பெயரெடுத்த பல சரக்குகள் உணவுக்குழாய்க்கு ஆகாது. புதினா வால்வுத் தசையைத் தளர்த்தும். குடல் பிடிப்புக்கு நல்ல மருந்தான புதினா எண்ணெயைக் குடலில் மட்டும் கரையும் உறையிட்டு விற்பதற்கு ஒரு காரணம் இது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் மந்தத்துக்குத் தோது. புண்பட்ட குழாயில் எரியும். இஞ்சி வாந்தியை நிறுத்தும், ஆனால் அளவு கூடினால் இஞ்சியே நெஞ்செரிச்சல் தரும். சீரகத் தண்ணீர் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. தாகத்துக்குக் குடிக்கலாம், காவல் என்று எண்ணிக் குடிக்க வேண்டாம். மணத்தக்காளிக் கீரையைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் அதைப் பற்றி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளின் இரைப்பையில் செயற்கையாக உண்டாக்கிய புண்ணில் நடந்தவை. இரைப்பைப் புண்ணுக்கு ஆன சான்றை உணவுக்குழாய்க்கு நீட்டுவதே இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

சங்கையும் பலகறையையும் (சோழி) சுட்டு எடுக்கும் சங்கு பற்பம், பலகறை பற்பம் போன்ற சித்த மருந்துப் பொடிகள் மூலிகை அல்ல, சுண்ணாம்புச் சத்துள்ளவை, அமிலத்தை முறிப்பவை. முறையாகச் செய்தது உடனடி ஆறுதல் தரும். அதிக வெப்பத்தில் சுட்ட சங்கில் சுண்ணாம்புக் காரம் உண்டாகும். அது சரியாக முடிக்கப்படாமல் எஞ்சியிருந்தால் குழாயைச் சுடும். எனவே உரிமம் பெற்ற தயாரிப்பை, சித்த மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

இனி எடுக்கும் முறை. பூச்சு பூச்சாக நிற்க வேண்டுமானால் அதன் மேல் எதுவும் போகக் கூடாது. சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி கழித்து ஒன்று, படுக்கப்போகும் முன் ஒன்று. தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, அதன்பின் அரை மணிக்குத் தண்ணீர்கூட வேண்டாம். மடக்கென்று குடித்தால் நொடிகளில் இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அளவைக் கூட்டுவதாலும் லாபமில்லை. ஒரு பெரிய சொம்பு கஷாயம் இரைப்பையை விரித்து வால்வைத் திறக்கவே செய்யும். சூடு மிக முக்கியம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்க கஷாயம் குடித்து உணவுக்குழாயைக் காக்க முடியாது. விரலை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும்.

பசை மருந்து மற்ற மாத்திரைகளை உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கும். தைராய்டு, சர்க்கரை, இதய மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி தேவை. பான்டோபிரசோல் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு எடுப்பது என்பதால் அதனோடு மோதாது. மூலிகைக் காப்ஸ்யூலோ மாத்திரையோ எதுவானாலும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிக் கால் மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்கான அலென்ட்ரோனேட் போன்றவை குழாயில் தங்கினால் அவையே புண்ணை உண்டாக்கும். இடப்பக்கமாகப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவதும், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி விடுவதும் இந்தப் பூச்சு இரவெல்லாம் வேலை செய்ய வழிவிடும். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிற்று அழுத்தம் கூடும். கட்டில் காலுக்குக் கட்டை வைப்பதே சரி.

கடைசியாக, மாத்திரையை விடுவது. கிரேடு ஏ-க்கு எட்டு வாரம் மாத்திரை எடுத்து எரிச்சல் அடங்கியபின், மருத்துவரோடு பேசி மெல்லக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்தாதீர்கள். டென்மார்க்கில் 2009-ல், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் பான்டோபிரசோல் வகையைச் சேர்ந்த எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தியபோது 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 15 சதவீதம்தான். அடக்கிவைத்த சுரப்பு எகிறுவதால் வரும் இந்த எரிச்சலைப் பார்த்துத்தான் பலர் "மூலிகை வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுகிறார்கள். 40 மி.கி. எடுப்பவர் இரண்டு வாரம் 20 மி.கி., அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கலாம். இறங்கும் அந்த நான்கு வாரத்துக்கு ஆல்ஜினேட்டும் ஆளி விதைப் பசையும் மேலே சொன்ன நேரங்களில் கைகொடுக்கும். அதிமதுரத்தின் நான்கு வாரத்தையும் இந்தக் காலத்துக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிந்தால் வால்வு அதன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறிவிடுவது, இருக்கிறதா என்று உங்கள் எண்டோஸ்கோபி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மேலேறிவிட்ட இரைப்பையை எந்த வேரும் கீழிறக்காது. அப்படியானால் குறைந்த அளவு மாத்திரையைத் தொடர்வதே உணவுக்குழாயைக் காக்கும்.